ஒரு பாதிக்கு போடுங்க, ஒரு பாதிய விட்டுடுங்க: மலைத்தோட்டத்துல சொந்தமா சோதனை போடுறது எப்படி

ஒரு வருஷம் கேரட்டுக்கு ஒரு டானிக் அடிச்சேன், கடல்பாசியில எடுத்ததுன்னு பாட்டில்ல போட்டிருந்துச்சு, கம்பெனி பேரெல்லாம் வேணாம். அந்த போகம் கேரட்டு சும்மா அள்ளிக்கிட்டு வந்துச்சு, மேட்டுப்பாளையம் மண்டிக்கு வழக்கத்த விட மூட்டை அதிகமா போச்சு. நான் சும்மா இருப்பேனா, கேத்தி பக்கத்துல இருக்குற சொந்தக்காரங்க, டீக்கடையில பாக்குறவங்க எல்லார்கிட்டயும் வாங்குங்க வாங்குங்கன்னு சொல்லி சின்ன மாமா 4 லிட்டர் வாங்கிட்டார். அடுத்த போகத்துல எனக்கும் ஒண்ணுமில்ல, அவருக்கும் ஒண்ணுமில்ல. அப்புறம்தான் உறைச்சுது, முதல் வருஷம் பக்கத்து தோட்டத்து அண்ணன் எந்த டானிக்கும் அடிக்கல, அவருக்கும் அதே மாதிரிதான் வெளஞ்சிருந்துச்சு. மழை கணக்கா பேஞ்ச வருஷம், அவ்ளோதான். மழைக்கு போக வேண்டிய பேர நான் டானிக்குக்கு வாங்கிக் கொடுத்துட்டேன். மாமா இன்னும் கல்யாண வீட்டுல பாத்தா "என்ன மாப்ள, புதுசா டானிக் எதுவும் வந்திருக்கா"ன்னு தான் ஆரம்பிப்பார்.

என் தோட்டத்துல அடிக்காம விட்ட இடம்னு ஒரு அடி கூட இல்ல, தப்பு அங்கதான். டாக்டருங்க இத எப்பவோ புரிஞ்சுக்கிட்டாங்க, விவசாய ஆராய்ச்சிக்காரங்களும்தான். நம்ம குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல ஒரு ரூம்ல 1918ல ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு டாக்டர் சாப்பாட்டுல வைட்டமின் பி1 குறைஞ்சா வர்ற பெரிபெரி நோயப் பத்தி ஆராய்ச்சி ஆரம்பிச்சார், பின்னாடி ஹைதராபாத்துக்கு போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட தொடக்கமே அதுதான். அவர் எலிங்கள பிரிச்சு வச்சு ஒரு கூட்டத்துக்கு பஞ்சாப் பக்கத்து சாப்பாடு, அதாவது முழு கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி, இன்னொரு கூட்டத்துக்கு நம்ம மெட்ராஸ் பக்கத்து அரிசி சாப்பாடுன்னு கொடுத்து வளத்து பாத்தார். பஞ்சாப் எலி கொழுகொழுன்னு முன்னாடி நிக்குது, நம்ம ஊர் எலி கடைசியில (எனக்கு கொஞ்சம் வருத்தம்தான்). குன்னூர் குளிரு எல்லா எலிக்கும் ஒண்ணுதான், சாப்பாடு மட்டும்தான் வேற, அதனால எடையில வித்தியாசம் வந்தா சாப்பாட்டு மேல கைய நீட்டலாம். அதே மாதிரி கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல 1909ல இருந்து ஒரு வயல் இருக்கு, நிரந்தர உரச் சோதனைன்னு பேரு, அதுல ஒரு துண்டுக்கு நூறு வருஷத்துக்கு மேல எந்த உரமும் போடல. யாராச்சும் பாத்தா என்னங்க இது வீணாக்கி வச்சிருக்கீங்கன்னு கேப்பாங்க. அந்த ஒண்ணுமே போடாத துண்டு இல்லன்னா மத்த துண்டுல போட்ட உரம் என்ன பண்ணுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

சரி, நம்ம தோட்டத்துல எப்படி பண்றதுன்னு பாப்போம்.

முதல்ல கேள்வி ஒண்ணே ஒண்ணு தான் இருக்கணும். புது விதை, புது உரம், புது மருந்து மூணையும் ஒரே போகத்துல மாத்திட்டு நல்லா வந்துச்சுன்னா எதுனால வந்துச்சுன்னு கடவுளுக்கு தான் தெரியும். "டோலமைட் போட்டா என் பீட்ரூட் எடை கூடுமா", இந்த அளவுக்கு சின்னதா இருக்கட்டும். நான் டானிக்குக்கு அப்புறம் போட்ட உருப்படியான சோதனை இதுதான், அதனால இதையே உதாரணமா வச்சுக்கறேன். நம்ம மலை மண்ணு புளிப்பு மண்ணுன்னு எல்லாருக்கும் தெரியும், பீட்ரூட்டுக்கு புளிப்பு சுத்தமா ஆகாது, என் மண்ண டெஸ்ட் பண்ணப்போ பிஎச் 4.9 வந்துச்சு (7க்கு கீழ போகப் போக புளிப்பு). டோலமைட்ங்கிறது அந்த புளிப்ப முறிக்கிற சுண்ணாம்புக்கல் பொடி.

அடுத்தது இடம் பிரிக்கிறது, இதுலதான் மலைக்காரங்க ஏமாறுவோம், கவனமா படிங்க. கீழ்நாட்டுல வயல் சமமா இருக்கும், ரெண்டா பிரிச்சா முடிஞ்சுது. நமக்கு சரிவ படிக்கட்டு மாதிரி வெட்டித்தான் தோட்டம், அதுல மேல் படியில மண்ணு அரிச்சு சரளையா கிடக்கும், கீழ் படியில மேல இருந்து வந்த மண்ணு, உரம் எல்லாம் தங்கி கருகருன்னு இருக்கும், ஜனவரியில உறைபனி விழுறப்போ பள்ளத்துல இருக்குற செடி தான் முதல்ல கருகும், ஓரத்துல கற்பூர மரம் (யூகலிப்டஸ்) இருந்தா அந்த நிழலும் வேரும் வேற. இதுல போய் மேல் ரெண்டு படிக்கு மருந்து, கீழ் ரெண்டு படிக்கு இல்லன்னு வச்சா நீங்க மருந்த சோதிக்கல, மலைச்சரிவ சோதிக்கிறீங்க. அதனால ஒவ்வொரு படியையும் நடுவுல ரெண்டா வெட்டுங்க, இடது பாதி வலது பாதின்னு பக்கம் பக்கமா. மேல கீழன்னு வெட்டாதீங்க, மேல போட்டது மழையில கீழ வந்துடும். ஒரு படிக்குள்ள இருக்குற ரெண்டு பாதியும் கிட்டத்தட்ட ஒரே மண்ணு, ஒரே வெயிலு, ஒரே பனி, அத அதோட ஒப்பிட்டா போதும்.

இந்த மாதிரி குறைஞ்சது 6 படி வேணும், 8 இருந்தா இன்னும் நல்லது, ஏன்னு பின்னாடி சொல்றேன். ஒரு பாதி ஒரு சென்ட் அளவு இருந்தா கணக்கு ரொம்ப சுலபம், ஏக்கருக்கு 100 சென்ட் தானே, ஏக்கருக்கு 500 மில்லின்னு போட்டிருந்தா ஒரு பாதிக்கு 5 மில்லி, ஏக்கருக்கு 1 டன் டோலமைட்னு சொன்னா ஒரு பாதிக்கு 10 கிலோ. ஆக 6 படிக்கு 12 சென்ட் இடம் போதும், மீதி தோட்டத்துல வழக்கம் போல பண்ணிக்கோங்க. எவ்ளோ போடணும்ங்கிறத மண் பரிசோதனை ரிப்போர்ட் பாத்து தான் முடிவு பண்ணனும், கடைக்காரர கேட்டு இல்ல.

எந்த பாதிக்கு போடுறதுங்கிறத நீங்க முடிவு பண்ணாதீங்க, காசு சுண்டுங்க. சிரிக்காதீங்க, இது ரொம்ப முக்கியம். நாம தேர்ந்தெடுத்தா நம்மள அறியாமலே நல்ல பக்கத்துக்கு தான் போடுவோம், தண்ணி டேங்க் பக்கம், ரோட்டுப் பக்கம், போறவங்க வர்றவங்க பாக்குற பக்கம். பூ விழுந்தா இடது, தலை விழுந்தா வலது, ஒவ்வொரு படிக்கும் தனித்தனியா சுண்டி நோட்டுல எழுதிடுங்க.

இதுக்கு மெட்ராஸ்ல நடந்த ஒரு கதை எனக்கு ரொம்ப பிடிக்கும். ஒரு காலத்துல டிபி வந்தா சானடோரியத்துல வைக்கணும், நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ரெஸ்ட், அதுவும் மலைக் காத்துன்னா கேக்கவே வேணாம், அதான் மருந்துன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. 1956ல மெட்ராஸ்ல டிபி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சப்போ நோயாளிங்கள குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சாங்க, பாதி பேரு சானடோரியத்துல, மீதி பேரு அவங்க அவங்க வீட்டுலயே, ஒரே மாத்திரை ரெண்டு பக்கமும். வீட்டுல இருந்தவங்க ஏழைங்க, நெரிசலான இடம், சாப்பாடும் கம்மி. 1959ல ரிசல்ட் வந்தப்போ ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணமாகியிருந்தாங்க, மருந்து தான் வேலை செஞ்சிருக்கு, காத்து இல்ல. இதே குலுக்கல் இல்லாம டாக்டரே யாரு எங்கன்னு முடிவு பண்ணியிருந்தா முடியாதவங்கள எல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பாங்க, ரிசல்ட்டும் கோணலாகியிருக்கும். உலகம் பூரா டிபிக்கு வீட்டுலயே மருந்து கொடுக்கலாம்னு வந்ததுக்கு இந்த ஆராய்ச்சி ஒரு பெரிய காரணம். காசு சுண்டுறதுல என்ன இருக்குன்னு கேக்குறவங்களுக்கு நான் இததான் சொல்றது.

பிரிச்சாச்சு, சுண்டியாச்சு. இனிமே அந்த ஒரு விஷயத்த தவிர மத்ததெல்லாம் ரெண்டு பாதிக்கும் அச்சு மாதிரி ஒண்ணா இருக்கணும். ஒரே விதை பாக்கெட், ஒரே நாள் விதைப்பு, ஒரே ஆள் களை எடுக்கணும், ஒரு பாதிய காலையில இன்னொரு பாதிய மூணு நாள் கழிச்சுன்னு வேணாம். டோலமைட்ட விதைக்கிறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி போட்டு கொத்தி விடணும்ல, அப்போ போடாத பாதியையும் சும்மாவாச்சும் அதே மாதிரி கொத்தி விடுங்க, இல்லன்னா மண்ணு பொலபொலன்னு ஆனதுனால வந்த விளைச்சல டோலமைட் கணக்குல எழுதிடுவீங்க. தெளிக்கிற மருந்துன்னா அடிக்காத பாதிக்கு அதே அளவு வெறும் தண்ணிய அடிங்க. தண்ணி பாச்சி எடுக்குற நீர்ப்போகத்துல ஜனவரி பிப்ரவரியில காஞ்சு கிடக்குறப்போ அந்த வெறும் தண்ணிக்கே செடி நிமிரும், பாத்திருப்பீங்க. ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில மருந்து இல்லாத மாத்திரைய அதே கலர்ல அதே சைஸ்ல கொடுக்குறாங்கல்ல, நமக்கு அது இந்த தண்ணி.

கூடலூர் பக்கம் இருக்குறவங்களுக்கு சிக்கிள் செல் நோய் தெரியும், ரத்தத்துல சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு அப்பப்போ கடுமையா வலி வர்ற பரம்பரை நோய், இந்தியாவுல அத முதல்ல கண்டுபிடிச்சதே 1952ல நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட தான். இப்போ அதுக்கு கொடுக்குற ஹைட்ராக்சியூரியா மாத்திரை வேலை செய்யுதான்னு அமெரிக்காவுல 299 பேர வச்சு பாத்தாங்க, பாதி பேருக்கு நிஜ மருந்து, பாதி பேருக்கு அதே மாதிரி இருக்குற வெறும் மாத்திரை, யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது. நிஜ மருந்து எடுத்தவங்களுக்கு வலி வர்றது தெளிவா குறைஞ்சதுனால சோதனைய முன்கூட்டியே நிறுத்திட்டாங்க, 1995ல ரிசல்ட் வெளியாச்சு. வலிங்கிறது தராசுல நிக்காது, ஆளு சொல்லித்தான் தெரியும், அதனாலதான் யாருக்கும் தெரியாம வைக்கிறது.

இங்க ஒரு எச்சரிக்கை சொல்லிடறேன். உருளைக்கிழங்குக்கு கருகல் மருந்து சோதிக்கிறேன்னு பாதிய எதுவுமே அடிக்காம விட்டுடாதீங்க. மூடுபனி நாலு நாள் விலகாம நின்னுச்சுன்னா அந்த விட்ட பாதியில கருகல் பிடிச்சு, அங்க இருந்து காத்துலயும் மழைத்துளியிலயும் பரவி உங்க தோட்டம் மட்டும் இல்ல பக்கத்து தோட்டமும் போயிடும், அப்புறம் சோதனையாவது ஒண்ணாவது, பஞ்சாயத்து தான். அந்த மாதிரி நோய்க்கு ஒரு பாதிக்கு புது மருந்து, இன்னொரு பாதிக்கு நீங்க எப்பவும் அடிக்கிற மேன்கோசெப். டாக்டருங்களும் அப்படித்தான், ஏற்கனவே நல்ல மருந்து இருக்குற நோய்க்கு ஆள சும்மா விட மாட்டாங்க, பழைய மருந்தோட தான் புதுச ஒப்பிடுவாங்க. கேள்வியும் அதானே, இது பழசவிட தேவலையா.

உருளை போடுறவங்களுக்கு இன்னொண்ணு. ஒரு படி மட்டும் திட்டுத் திட்டா குட்டையா நிக்குதுன்னா அந்த படிய சோதனைக்கு எடுக்காதீங்க, முட்டைக்கூடு நூற்புழுவா இருக்கலாம். இந்தியாவுலயே அத முதல்ல பாத்தது 1961ல, ஊட்டி விஜயநகரம் பண்ணையில. பெண் புழு செத்து கடுகவிட சின்ன உருண்டையா ஆகி உள்ள நூத்துக்கணக்குல முட்டைய வச்சுக்கிட்டு 20 வருஷம் கூட மண்ணுல கிடக்கும், உருளை வேரு வாசனை பட்டா பொரிச்சு வரும். மம்பட்டியில ஒட்டுன மண்ணோட அடுத்த படிக்கு போயிடும், அதனால ஒரு படிய முடிச்சதும் மம்பட்டி, பூட்ஸ் ரெண்டையும் கழுவிட்டு அடுத்ததுக்கு போங்க. இதுக்கு ஈடு கொடுக்குற குஃப்ரி ஸ்வர்ணா ரகம் வந்தது 1985ல, புழுவ கண்டுபிடிச்சு 24 வருஷம் கழிச்சு. முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க வருஷக்கணக்கா புழு இருக்குற மண்ணுலயே ரகம் ரகமா நட்டு நட்டு பாத்த வேலை அது, நாம 12 சென்டுக்கு சலிச்சுக்கறோம்.

அறுவடைக்கு வருவோம். முழு பாதியையும் எடை போட வேணாம். ஓரத்துல ரெண்டு வரிசைய விட்டுடுங்க, அங்க பக்கத்து பாதியோட மருந்து காத்துல வந்திருக்கும், வெளிச்சமும் கூட. நடுவுல 2 மீட்டருக்கு 2 மீட்டர் கயிறு கட்டி அதுக்குள்ள இருக்குறத மட்டும் பிடுங்கி எடை போடுங்க. அந்த 4 சதுர மீட்டர்ல 1 கிலோ வித்தியாசம்னா ஏக்கருக்கு கிட்டத்தட்ட 1 டன், மனக்கணக்காவே போட்டுக்கலாம். மண்டிக்கு போறது தனி, வெடிச்சது பொடிசு எல்லாம் தனி, ரெண்டு எடையும் எழுதுங்க, மொத்த எடை ஒண்ணா இருந்தும் முதல் ரகம் ஒரு பக்கம் கூட இருக்கலாம், காசு அங்கதான்.

எடை போடுறவங்களுக்கு எந்த பாதி எதுன்னு தெரியக் கூடாது. நான் இத முதல் தடவை கண்டுக்கல. எங்க அம்மா தான் எடை போட்டாங்க, ஒரு கூடைய தூக்கும் போது "இது மருந்து போட்ட பக்கமா"ன்னு கேட்டாங்க, ஆமான்னேன், அப்படியே தராசுல வச்சாங்க. அடுத்த கூடை போடாத பக்கம்னு தெரிஞ்சதும் பீட்ரூட்ட ஒவ்வொண்ணா தட்டி மண்ண உதிர்த்து, தழைய கிட்டக்க முறிச்சு, "இதுல மண்ணுதான் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே வைக்கிறாங்க. பாவம், பையன் காசு போட்டு வாங்குனது ஜெயிக்கணும்னு ஆசை. அதுல இருந்து குச்சியில 1ல இருந்து 12 வரைக்கும் வெறும் நம்பர் தான், எந்த நம்பருக்கு என்ன போட்டேங்கிற சீட்டு பக்கத்து வீட்டு அண்ணி வீட்டு பீரோவுல, எடை எல்லாம் எழுதி முடிச்ச பிறகு தான் வாங்கிட்டு வர்றது.

நோய எண்ணுறதா இருந்தா, நோய் வர்றதுக்கு முன்னாடியே செடிய குறிச்சுடுங்க, ஒவ்வொரு அஞ்சாவது செடின்னு 20 செடி, ஒரு நூல் கட்டி. வந்த பிறகு குறிச்சா கண்ணு தானா வாடுன செடிக்கு போகும்.

இப்போ கணக்கு. என் பீட்ரூட்ல 6 படியிலயும் டோலமைட் போட்ட பாதி தான் கூட, வித்தியாசம் 1.1, 0.6, 1.9, 0.8, 1.4, 0.8 கிலோ. சராசரி 1.1, அப்போ ஏக்கருக்கு சுமார் 1100 கிலோ. இது அதிர்ஷ்டத்துல வந்திருக்குமான்னு எப்படி பாக்குறது, திரும்ப காசு தான். டோலமைட்டால ஒரு பிரயோஜனமும் இல்லன்னா ஒவ்வொரு படியிலயும் எந்த பாதி ஜெயிக்கும்ங்கிறது பூவா தலையா மாதிரி. ஆறு தடவையும் பூவே விழுறதுக்கு 64ல 1 வாய்ப்பு, நான் நம்பிட்டேன். 6ல 5ன்னா அவசரப்படாதீங்க, அஞ்சோ ஆறோ விழுறதுக்கு 64ல 7, அதாவது ஒன்பது பேரு சும்மா சுண்டுனா ஒருத்தருக்கு வந்துடும். 8 படி வச்சிருந்தா ஒண்ணு தவறினாலும் பரவால்ல, 8ல ஏழோ எட்டோ சும்மா வர்றதுக்கு 256ல 9 தான். 8 படி இருந்தா நல்லதுன்னு சொன்னது இதுக்குத்தான். அந்த டானிக்கையும் மிச்சம் இருந்த பாட்டில வச்சு இதே மாதிரி பண்ணி பாத்தேன், மூணு படியில அடிச்ச பாதி கூட, மூணு படியில அடிக்காத பாதி கூட. மாமாகிட்ட இன்னும் சொல்லல.

நடுவுல ஏதாச்சும் நடக்கும், நடக்காம இருக்காது. காட்டெருமை ஒரு ராத்திரி ஒரு படியில எறங்கி ஒரு பாதிய மிதிச்சுட்டு போச்சுன்னா அந்த படிய முழுசா கணக்குல இருந்து எடுத்துடுங்க, ரெண்டு பாதியையும். மிதிபட்டது மருந்து போட்ட பாதின்னா மட்டும் எடுப்பேன், போடாத பாதின்னா வச்சுக்குவேன்னு பண்ணாதீங்க, அது உங்களையே ஏமாத்திக்கிறது. அதனாலயும் ஒண்ணு ரெண்டு படி கூடவே வச்சுக்கிறது நல்லது.

எடை கூடுச்சுங்கிறதுக்காக லாபம்னு ஆகாது. டோலமைட் விலை, ஊட்டியில இருந்து வண்டி, ரோட்டுல இருந்து படிக்கு தலைச்சுமை கூலி, கொத்துற கூலி, எல்லாத்தையும் போட்டு கூடுன கிலோவ அன்னைக்கு மண்டி விலையால இல்ல, கம்மி விலையால பெருக்கி பாருங்க, அப்பவும் மிஞ்சினா போடலாம். எனக்கு மிஞ்சுச்சு, டோலமைட் ஒரு போகத்தோட கரைஞ்சு போறது இல்லங்கிறதும் ஒரு காரணம். முதல் மழைப் போகமான கார்போகத்துல பாத்த ரிசல்ட் அதுக்கு அடுத்து வர்ற கடைபோகத்துக்கு அப்படியே வரும்னும் இல்ல, மருந்து டானிக் எல்லாம் மழைக்கு தகுந்த மாதிரி மாறும், குறைஞ்சது ரெண்டு போகம் பாருங்க. நீங்க ஒரு ஆள் 6 படி பண்றதுக்கு பதிலா ஊர்ல நாலு பேரு ஆளுக்கு 3 படி பண்ணி ஒரே நோட்டுல எழுதினா இன்னும் பலமா இருக்கும், நாலு விதமான மண்ணுல பாத்த மாதிரி ஆச்சு.

ரிசல்ட்ட எடுத்துக்கிட்டு குன்னூர்ல உபாசி (தென்னிந்திய தோட்டக்காரங்க சங்கம்) நடத்துற வேளாண் அறிவியல் மையத்துக்கோ, ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ போங்க, கொடைக்கானல் பக்கத்து ஆளுங்களுக்கு அங்கயும் ஒரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, பூம்பாறை மன்னவனூர் பூண்டுக்கு இதே முறை அப்படியே பொருந்தும். வெறுங்கையோட போய் "சார் செடி சரியில்ல"ன்னு நிக்கிறதுக்கும், படி வாரியா எடை எழுதுன நோட்டோட போறதுக்கும் அவங்க உக்கார வச்சு பேசுற விதத்துலயே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் குச்சியில நம்பர ஸ்கெட்ச் பேனாவுல எழுதாதீங்க, நம்ம ஊர் மூடுபனியில ரெண்டே வாரத்துல அழிஞ்சுடுது. பெயிண்ட்ல எழுதுங்க, ஒரு வரைபடத்த நோட்டுல போட்டு வச்சுக்கோங்க. என்னோட 7க்கும் 1க்கும் இன்னும் சண்டை ஓடிக்கிட்டு இருக்கு.